புகழ் ஊசிக்கு, உழைப்பு கைக்கு

(சீன மருத்துவமும் துய்னா என்னும் கைம்முறையும் பற்றிச் சிங்கப்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சீன மருத்துவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். சீன மருத்துவம் என்றதும் உங்கள் கண்முன் என்ன வருகிறது? ஊசி வருகிறது. சைனாடவுன் மருந்துக்கடையில் சுவர் முழுக்க இழுப்பறைகளும், தராசில் நிறுத்துக் காகிதத்தில் மடித்துத் தரும் வேர்களும் வருகின்றன. இளைஞர்களுக்கு மைக்கேல் ஃபெல்ப்ஸ் வருவார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தோள் முழுக்க வட்டவட்டமாகக் கோப்பை வைத்து உறிஞ்சிய தழும்போடு நீந்தினாரே, அவர். வராதது ஒன்று உண்டு. கை. கருவி இல்லாத, மருந்து பூசாத வெறும் கை. இன்று அந்தக் கையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஊசிக்கு உலகப் புகழ் எப்படி வந்தது தெரியுமா? 1971 ஜூலை. நியூயார்க் டைம்ஸின் பெயர்பெற்ற செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங் போயிருந்தார். போன இடத்தில் குடல்வால் அழற்சி. அங்கேயே அறுவை சிகிச்சை. வழக்கமான மரத்துப்போகும் ஊசிமருந்து போட்டுத்தான் அறுத்தார்கள். பிறகு வயிற்றில் உப்புசமும் வலியும் வந்தபோது அக்குபங்சர் ஊசி குத்தினார்கள். கொஞ்சம் சுகம் கிடைத்தது. இதை அவர் பத்திரிகையில் எழுதினார். அடுத்த ஆண்டு அதிபர் நிக்சனும் சீனா போய் வந்தார். அவ்வளவுதான், அமெரிக்காவுக்கு ஊசிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ரெஸ்டனுக்கு அறுவையே ஊசி குத்தித்தான் நடந்தது என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் எழுதியதைப் படித்தவர் கொஞ்சம், கேட்டவர் அதிகம்!

கைக்கு இந்த யோகம் அடிக்கவில்லை. ஏன்? ஊசியைக் கப்பலேற்றலாம். மூலிகையை டப்பாவில் அடைத்து விலை ஒட்டலாம். கையை என்ன செய்வது? கையோடு ஆளும் வரவேண்டும். ஆள் வந்தால் சம்பளம் கேட்பார்.

ஆனால் வயதைக் கேட்டால், கை மருத்துவத்துக்கு யாருக்கும் இளைத்த வயதில்லை. வாருங்கள், ஒரு கல்லறைக்குப் போவோம். ஹுனான் மாநிலம், சாங்ஷா நகரம். 1970களின் தொடக்கத்தில் மாவாங்துய் என்ற மேட்டைத் தோண்டினார்கள். மூன்று கல்லறைகள். மூன்றாவது கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. உள்ளே ஓர் அரக்குப் பெட்டி. பெட்டிக்குள் பட்டுத்துணியில் எழுதிய நூல்கள். அதில் ஒரு பட்டைப் பிரித்தால் எழுத்தைவிடப் படம் அதிகம். 44 மனிதர்கள். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இளையவர் உண்டு, முதியவர் உண்டு. சட்டை போட்டவர் உண்டு, வெற்றுடம்பும் உண்டு. ஒருவர் கைகளை விரிக்கிறார், ஒருவர் குனிகிறார், ஒருவர் கோலை ஊன்றி வளைகிறார். உடற்பயிற்சிக்கென்று வரைந்த படங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். கையால் அழுத்தித் தேய்ப்பதும் உடம்பை நீட்டி வளைப்பதும் சீன மருத்துவத்தில் கூடப்பிறந்தவை.

அதே கல்லறையில் உடம்பில் ஓடும் நாடித்தடங்களைப் பற்றிய நூல்களும் கிடைத்தன. அவற்றில் எத்தனை தடங்கள்? பதினொன்று. இன்று சீன மருத்துவம் படிக்கிற மாணவரைக் கேளுங்கள், பன்னிரண்டு என்பார். பதினொன்று எப்போது பன்னிரண்டு ஆயிற்று? இடையில் யாரோ பார்த்திருக்கிறார்கள், யோசித்திருக்கிறார்கள், சேர்த்திருக்கிறார்கள். 'ஐயாயிரம் ஆண்டுகளாக ஒரு புள்ளிகூட மாறாத ஞானம்' என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால், மாவாங்துய் பட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பன்னிரண்டைச் சொல்லும் நூல் 'ஹுவாங்தி நெய்ஜிங்'. மஞ்சள் பேரரசர் பெயரில் அமைந்த மருத்துவ நூல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பலர் எழுதியதைத் தொகுத்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி உண்டு. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, நடு என்று ஐந்து திசையிலும் வாழும் மக்களைப் பற்றிப் பேசுகிறது. கிழக்கே கடலோரம், மீனும் உப்பும் தின்பவர்கள். அவர்களுக்குக் கட்டி வரும், கல்லூசி வேண்டும். மேற்கே மலையும் மணலும், அங்கே மருந்து. வடக்கே குளிர், அங்கே மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டும் முறை. தெற்கே நுண்ணிய ஊசி. நடுநாட்டுக்காரருக்கு? அவர்கள் பூமி சமவெளி. எல்லாப் பொருளும் கிடைக்கும். கலந்துகட்டித் தின்கிறார்கள், உடம்பு நோக உழைப்பதில்லை. அதனால் கைகால் சோர்வும், குளிர்காய்ச்சலும் வரும். அவர்களுக்கு என்ன வைத்தியம்? உடலை நீட்டி வளைத்தலும், கையால் அழுத்தித் தேய்த்தலும்!

கலந்துகட்டித் தின்கிறார்கள், உழைப்பதில்லை. யாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் நண்பர்களே? ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகத்தில் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி எழுதியதுபோல் இல்லையா?

கைக்கு ஒரு பொற்காலமும் இருந்தது. தாங் பேரரசு. அரச மருத்துவக் கழகத்தில் நான்கு துறைகள். மருந்துத்துறை ஒன்று, ஊசித்துறை ஒன்று, மந்திரத்துறை ஒன்று (ஆம், மந்திரத்துக்கும் துறை இருந்தது), நான்காவது கை மருத்துவத் துறை. அதற்கெனப் பேராசிரியர், அதற்கென மாணவர்கள். எலும்பு பிசகினாலும் மூட்டு நழுவினாலும் அவர்களிடம்தான் வரவேண்டும்.

அந்தக் காலத்து மாமருத்துவர் சுன் ஸிமியாவ். 682இல் மறைந்தார். அவர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, வலிக்கும் புள்ளியைப் படத்தில் தேடாதே, உடம்பில் தேடு என்றார். அழுத்திக்கொண்டே போ; எந்த இடத்தில் நோயாளி 'ஆ, அங்கேதான்!' என்கிறாரோ அதுவே புள்ளி. என்ன எளிமை பாருங்கள்! நோயாளியின் வாயையும் மருத்துவரின் விரலையும் ஒன்றாக நம்பிய முறை இது. இன்றும் அந்தப் புள்ளிகளுக்குச் சீன மருத்துவத்தில் தனி இடம் உண்டு.

இரண்டாவது காரியம் நம்மைத் தொடுகிறது. தம் பெருநூலில் அவர் இரண்டு பயிற்சிமுறைகளை எழுதி வைத்தார். ஒன்று தாவோ ஞானி லாவோஸியின் பெயரில். மற்றது இந்திய நாட்டு முறை, பிராமணர் முறை என்று குறிப்பிட்டு, பதினெட்டு அசைவுகள். கைகளைக் கோத்துத் திருப்புவது, வில் இழுப்பதுபோல் கையை இழுப்பது, தோளைத் தட்டுவது, முதுகை வளைப்பது என்று போகிறது. சித்தர் போகர் சீனத்திலிருந்து வந்தவரா, சீனம் போய் வந்தவரா என்று நாம் இன்னும் விவாதிக்கிறோம். அது செவிவழிக் கதை, சுவையான கதை. கதை வேண்டாம், ஏடு வேண்டும் என்கிறவர்களுக்கு இதோ ஏடு: ஏழாம் நூற்றாண்டில் ஒரு சீன மருத்துவர் இந்தியப் பயிற்சி ஒன்றை, அது இந்தியாவினுடையது என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். வாங்கியதை வாங்கியது என்று எழுதும் நேர்மை அந்த நாளில் இருந்தது.

பொற்காலம் நிலைத்ததா? இல்லை. 16ஆம் நூற்றாண்டில், மிங் ஆட்சியில், அரச மருத்துவத் துறைகளின் பட்டியலிலிருந்தே கையை எடுத்துவிட்டார்கள். உடம்பைத் தொடுவது படித்தவர் செய்யும் வேலையில்லை என்ற எண்ணம் ஓங்கிக்கொண்டே போயிற்று. படித்த மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார், அத்தோடு சரி. கை எங்கே போயிற்று? முடிதிருத்துவோரிடம் போயிற்று. குளியற்கூடங்களுக்குப் போயிற்று. வீட்டுக்குள் குழந்தைகளிடம் போயிற்று. 'துய்னா' என்ற இன்றைய பெயரே அந்தக் காலத்தில் குழந்தை வைத்தியத்தில்தான் தலைகாட்டுகிறது. தள்ளுதல், பிடித்தல் என்ற இரண்டு வேலைகளைச் சேர்த்த பெயர்.

குழந்தைக்குச் செய்யும் ஒரு முறையைச் சொல்கிறேன். சரியாகச் சாப்பிடாத பிள்ளை. குப்புறப் படுக்க வைக்கிறார்கள். முதுகெலும்பின் அடிமுனையிலிருந்து இருபுறமும் தோலை விரல்களால் லேசாகக் கிள்ளி எடுத்து, உருட்டிக்கொண்டே கழுத்துவரை போகிறார்கள். மறுபடி கீழிருந்து. பிள்ளை முதலில் சிணுங்கும், பிறகு சிரிக்கும். முதுகுத்தோலை இப்படிக் கிள்ளி உருட்டுவதை நான்காம் நூற்றாண்டிலேயே ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் எழுதியது குழந்தைக்காக அல்ல, வயிற்றுவலிக்காக. அவர் பெயர் கெ ஹோங். அவசரத்துக்குக் கையில் வைத்துக்கொள்ள ஒரு கையேடு எழுதினார். பெயரை நினைவில் வையுங்கள். அதே கையேட்டில் இன்னொரு குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்புக்கு 2015இல் நோபல் பரிசு வந்தது!

1967 மே 23. வியட்நாம் போர் நடக்கிறது. குண்டைவிட மலேரியா அதிகம் பேரைச் சாய்க்கிறது. பழைய மருந்து வேலை செய்யவில்லை. வடவியட்நாம் சீனாவிடம் உதவி கேட்டது. சீனா ரகசியமாக ஒரு திட்டம் தொடங்கியது. தொடங்கிய தேதியே அதன் பெயர், 523. பெய்ஜிங் சீன மருத்துவ ஆய்வகத்தில் தூ யூயூ என்ற பெண்மணியிடம் பொறுப்பு வந்தது. அவர் மருந்தியல் படித்தவர். கணவரைக் கட்டாய உழைப்புக்கு அனுப்பிவிட்டார்கள். பெண் குழந்தையைப் பிறரிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார். குழு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குறிப்புகளைத் திரட்டியது. நூற்றுக்கணக்கான சாறுகளை எலிகளில் சோதித்தது. சிங்ஹாவ் என்ற ஒரு செடி, மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்தது, ஒருமுறை வேலை செய்யும், மறுமுறை கைவிடும். ஏன்?

தூ யூயூ மறுபடி கெ ஹோங்கின் குறிப்புக்குப் போனார். ஒரு கைப்பிடி செடி, அதற்கு இரண்டு அளவு தண்ணீர், ஊறவை, பிழிந்து சாற்றைக் குடி. எல்லாரும் படித்த குறிப்புதான். ஆனால் அவர் ஒன்றைக் கவனித்தார். சீன மருத்துவத்தில் எதையும் கொதிக்க வைத்துக் கஷாயமாக்குவதுதான் வழக்கம். இங்கே கொதி என்ற பேச்சே இல்லையே! கையால் பிழி என்றல்லவா இருக்கிறது! சூடுதான் மருந்தைக் கொல்கிறதோ? குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்துப் பார்த்தார்கள். 1971 அக்டோபர் 4. 191ஆம் மாதிரி. மலேரியா பிடித்த எலிகளில் கிருமி முழுக்க ஒழிந்தது. அடுத்த ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்குமுன், தூ யூயூவும் சகாக்களும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். ஆர்டிமிசினின் பிறந்தது.

பழைய ஏட்டில் எல்லாம் இருக்கிறது என்று இதை வைத்து மார்தட்டலாமா? கொஞ்சம் பொறுங்கள். சோதித்துப் பார்த்த அந்த நூற்றுக்கணக்கான சாறுகளில் பெரும்பாலானவை தோற்றன. அதையும் தூ யூயூவின் குழுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தது.

சரி, கைக்குத் திரும்புவோம். ஒரு துய்னா மாணவர் முதலில் எதைத் தொடுவார்? மனிதரை என்று நினைக்கிறீர்களா? இல்லை. அரிசிமூட்டையை. சிறிய துணிப்பையில் அரிசி நிரப்பி, வாயைத் தைத்து, மேசைமேல் வைத்துவிடுவார்கள். மாணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவேண்டும். தோள் தளர்ந்திருக்கவேண்டும், முழங்கை தொங்கவேண்டும். பெருவிரல் நுனி மட்டும் பைமேல் பதிந்திருக்கும். முன்கையும் மணிக்கட்டும் ஊஞ்சல்போல் உள்ளும் வெளியுமாக ஆடும். பெருவிரல் இடம் விட்டு நகரக்கூடாது. நிமிடத்துக்கு 120 முதல் 160 முறை. இதற்கு 'ஒரு விரல் தியானம்' என்று பெயர். கேட்க அழகாக இருக்கிறது. செய்து பாருங்கள், மூன்றாம் நிமிடம் தோள் காதுவரை ஏறியிருக்கும். ஆசிரியர் தோளைத் தட்டிக் கீழே இறக்குவார். மாதக்கணக்கில் இதேதான். மனித உடம்பு அதற்கப்புறம்.

அந்த ஒரு விரல் பரம்பரையில் வந்தவர் திங் ஜிஃபெங். 1940களில் ஷாங்காயில் அவருக்கு ஒரு குறை தெரிந்தது. பெருவிரல் நுனி சிறிய இடம். முதுகும் தொடையும் பெரிய இடம். அதனால் புறங்கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பை வைத்து உருட்டும் முறையைக் கண்டுபிடித்தார். இன்று சீனாவில் துய்னா சொல்லித்தரும் கல்லூரிகளில் இதுவும் ஓர் அடிப்படைப் பாடம். ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமை என்று நினைத்து நீங்கள் படுத்துக்கொள்ளும் மேசையில், உங்கள் முதுகில் உருளுவது 1940களின் கண்டுபிடிப்பு. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? கை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள்.

பார்வையற்றவர்களைச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவடையாது. சீன நகரங்களில் தெருவுக்குத் தெரு பார்வையற்றோர் துய்னா நிலையங்கள் உண்டு. பெய்ஜிங்கில் 1958இல் தொடங்கிய ஒரு மருத்துவமனையே உண்டு. அதன் மருத்துவர்களில் பலர் பார்வையற்றவர்கள். ஜப்பானில் பார்வையற்ற சுகியாமா வாயிச்சி பதினேழாம் நூற்றாண்டிலேயே ஊசியைச் சிறு குழாய் வழியாகச் செலுத்தும் முறையைத் தந்தார். கண் தெரியாதவர் கை நடுங்காமல் குத்தக் கண்டது அது. இன்று கண் தெரிந்தவர்களும் பல நாடுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள்!

எழுத்தாளர் பி ஃபெய்யூ இளமையில் நான்ஜிங்கில் சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தவர். 2008இல் 'துய்னா' என்றே பெயரிட்டு ஒரு நாவல் எழுதினார். நான்ஜிங்கில் ஒரு நிலையம், அதில் வேலை செய்யும் பார்வையற்றவர்கள், அவர்களின் காதல், பொறாமை, பணக்கணக்கு. 2011இல் அதற்கு மாவ் துன் விருது கிடைத்தது. 2014இல் லோ யே அதைப் படமாக்கினார். அந்த நாவலில் எனக்குப் பிடித்தது, யாரையும் அவர் தெய்வப்பிறவி ஆக்கவில்லை. பார்வை இல்லாவிட்டால் விரலில் மாயசக்தி வந்துவிடும் என்று நாம் வசதியாக நம்புகிறோம். மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. வேறு வேலைக்கு வாசல் அடைக்கப்பட்டவர்கள், திறந்திருந்த ஒரு வாசலில் நுழைந்து, முறையாகப் படித்து, உழைத்துத் தேர்ந்தார்கள்.

சீன மருத்துவத்தைச் சீனர்களே கடுமையாக ஏசியிருக்கிறார்கள், அதுவும் தெரியவேண்டும். சீன எழுத்தாளர் லூ சுன்னைத் தெரியாதவர் யார்? பையனாக இருந்தபோது அவருடைய தந்தை நோயில் விழுந்தார். ஊரில் பெயர்பெற்ற மருத்துவர் பெருந்தொகை வாங்கிக்கொண்டு மருந்து எழுதினார். மருந்தோடு சேர்க்கச் சொன்ன துணைப்பொருள்தான் விசேஷம்: மூன்று ஆண்டு பனி பட்ட கரும்பு, ஒரு ஜோடி சில்வண்டு, அதுவும் இணை மாறாத முதல் ஜோடியாக இருக்கவேண்டுமாம்! பூச்சிக்குக் கற்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது? வீட்டுப் பொருள்கள் அடகுக்குப் போயின. தந்தை 1896இல் இறந்தார். மகன் ஜப்பானில் செண்டாய்க்குப் போய் மேலைமருத்துவம் படிக்கத் தொடங்கினார். பாதியில் விட்டு எழுத்தாளரானார். பழைய வைத்தியர்மேல் அவருக்கிருந்த கோபம் எழுத்தில் கடைசிவரை ஆறவில்லை.

1929இல் அரசு நலவாழ்வுக் குழு பழைய மருத்துவத்தையே ஒழிக்கத் தீர்மானம் போட்டது. மார்ச் 17 அன்று நாடெங்கிலுமிருந்து மருத்துவர்கள் ஷாங்காயில் திரண்டார்கள். தீர்மானம் நடைமுறைக்கு வரவில்லை. 1949இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு காற்று மாறியது. அறுபது கோடி மக்கள், மேலைமருத்துவர்கள் சொற்பம். 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு என நான்கு நகரங்களில் சீன மருத்துவக் கல்லூரிகள் திறந்தன. ஆளுக்கொரு குரு, ஊருக்கொரு முறை என்று கிடந்ததை ஒரே பாடத்திட்டமாக்கினார்கள். இன்று நாம் சீன மருத்துவம் என்று ஒருமையில் சொல்வதில் பாதி அந்தப் பாடத்திட்டத்தின் வேலை. கைக்கும் அப்போதுதான் மறுபடி கல்லூரியில் நாற்காலி கிடைத்தது.

பாத மசாஜ் பற்றிக் கேட்கத் துடிக்கிறீர்கள், தெரிகிறது. சிங்கப்பூரில் எந்தக் கடைத்தொகுதியில் இல்லை? சுவரில் பாதப்படம், இந்த இடம் கல்லீரல், இந்த இடம் சிறுநீரகம். பழஞ்சீனக் கலை என்று பலகையும் தொங்கும். அந்தப் படத்தின் பூர்வீகத்தைத் தோண்டினால் போய்ச் சேருமிடம் அமெரிக்கா! யூனிஸ் இங்ஹாம் என்ற பெண்மணி 1930களில் வரைந்த பாதப்படம் ஐரோப்பா போய், அங்கிருந்து சுவிட்சர்லாந்துப் பாதிரியார் ஜோசப் ஓய்க்ஸ்டர் வழியாகத் தைவான் வந்தது. அவர் தம் மூட்டுவலிக்கு முயன்று பார்த்தார், ஊருக்கும் சொல்லிக்கொடுத்தார். தைவானிலிருந்து நம் பக்கம் பரவியது. கால் அமுக்கினால் சுகம்தான், நானும் போகிறவன்தான். குதிகாலில் கல்லீரலைத் தேடவேண்டாம்.

இனி நேரடியாகக் கேட்போம். இதெல்லாம் பலிக்கிறதா?

ஜெர்மனியில் பெரிய சோதனை ஒன்று நடந்தது. 2007இல் முடிவு வெளியானது. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேர். ஒரு பங்குக்கு முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இன்னொரு பங்குக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாம் பங்குக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துத் தேறியவர்கள்: சரியான புள்ளியில் 47.6 விழுக்காடு, தவறான புள்ளியில் 44.2 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 27.4 விழுக்காடு. ஊசிக்காரர் மார்தட்டலாம், மற்றவரைவிட அதிகம் பேர் தேறினார்களே என்று. எதிர்ப்பவரும் மார்தட்டலாம், எங்கே குத்தினாலும் ஒன்றுதானே என்று. எனக்குத் தோன்றுவது இது: ஒருவர் உங்களைப் படுக்க வைத்து, அவசரமில்லாமல் வலியை விசாரித்து, தொட்டு, அரைமணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குகிறார். அதற்கு ஒரு பலன் இருக்கத்தான் செய்கிறது. நாடித்தடம் என்று ஒன்றை உடற்கூறு மேசையில் இதுவரை யாரும் அறுத்துக் காட்டவில்லை.

கைம்முறைக்கு? இடுப்புவலி, கழுத்து இறுக்கம் இவற்றுக்குக் கொஞ்ச காலம் வலி குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. சான்று பலமானது என்று சொல்லமாட்டேன். கண்ணைக் கட்டிச் சோதிக்க முடியாத வைத்தியம் அல்லவா இது! மசாஜ் செய்ததாக ஒருவரை எப்படி ஏமாற்றுவது? அசைவுப் பயிற்சிக்கு நிலைமை இன்னும் நன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் ஓரெகனில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை மூன்றாகப் பிரித்து, ஆறு மாதம், வாரம் இருமுறை பயிற்சி கொடுத்தார்கள். தாய்ச்சி என்னும் மெல்லசைவுச் சீனப் பயிற்சி செய்தவர்களுக்கு நிலைதடுமாறாத உறுதி மற்ற இரு பிரிவினரைவிடக் கூடியது. 2012இல் வெளியான ஆய்வு. காலையில் உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பாட்டு ஓடவிட்டு மெல்லக் கையசைக்கும் சீனப் பாட்டிமார்களைப் பார்த்துச் சிரிக்காமல், அடுத்த வரிசையில் போய் நில்லுங்கள். காசு கேட்கமாட்டார்கள்.

இயற்கை என்றால் பயமில்லை என்ற பேச்சு மட்டும் வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கப் போன பெண்களுக்குச் சீன மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். ஃபாங்ஜி என்ற பெயரில் அப்போது சீனாவில் ஒன்றுக்கு மேற்பட்ட வேர்கள் விற்றன. வரவேண்டிய வேருக்குப் பதில் வேறொரு வேர் வந்துவிட்டது, ஆடுதின்னாப்பாளை இனம். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. கொழும்புவரை, மதுரைவரை நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கும் நம் ஆட்களுக்கும் இது பாடம். அந்த இனச்செடி நம் கடைகளிலும் உண்டு.

அவ்வளவு தூரம் போவானேன்? இங்கேயே பார்ப்போம். குழந்தை பிறந்ததும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இருக்கிறதா என்று நம் மருத்துவமனைகளில் பார்க்கிறார்களே, அந்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஹுவாங்லியான் என்ற மூலிகையால் காமாலை முற்றி மூளைவரை தாக்கும் என்ற அச்சம் எழுந்தது. 1978இல் சிங்கப்பூர் அதைத் தடைசெய்தது. 2013இலிருந்துதான், எச்சரிக்கைக் குறிப்புகளோடு, தடையைத் தளர்த்தத் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டில் சட்டம் கொண்டுவந்து சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். கண்டிப்புக்கு இந்த ஊர் பெயர்போனது. இந்த ஒரு விஷயத்தில் அந்தக் கண்டிப்புக்கு நான் கைதட்டுவேன்.

அதே ஊரில்தான் தோங் சாய் மருத்துவ நிலையமும் இருக்கிறது. 1867இல் சீன வணிகர்கள் தொடங்கியது. வைத்தியமும் இலவசம், மருந்தும் இலவசம்; இனம், மதம் கேட்பதில்லை. கூலிவேலைக்கு வந்த தமிழனுக்கும் அந்தக் கதவு திறந்தே இருந்தது.

நண்பர்களே, நாளைக்கே துய்னாவுக்குப் போகப்போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். போங்கள். எண்ணெய் கிடையாது, மேலே ஒரு துணி விரித்து அதன்மேல்தான் கை வைப்பார்கள். வலி தாங்கமுடியாவிட்டால் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொள்வது மருத்துவம் இல்லை. எலும்பு மெலிந்தவர்கள், காலில் ரத்தம் கட்டியவர்கள், எலும்பில் புற்றுநோய் உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் முதலில் தங்கள் டாக்டரைக் கேளுங்கள். கழுத்தைச் சடக்கென்று திருகவந்தால் வேண்டாம் என்று கையைப் பிடியுங்கள். அரிதாகத்தான் என்றாலும் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரும். முதுகுவலியோடு கால் மரத்துப்போய், சிறுநீரும் கட்டுப்படவில்லை என்றால் மசாஜ் கடைக்கு அல்ல, அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

இன்னொன்று. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இந்த அரங்கில் நிச்சயம் இருப்பீர்கள். டான்ஷென், டாங்குவெய் என்ற சீன மூலிகைகள் இரண்டும் அதன் வீரியத்தைக் கூட்டும், ரத்தப்போக்கு வரலாம். சூப்பில் போட்டதுதானே என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவரிடம் இதைச் சொல், இவரிடம் அதைச் சொல்லாதே என்ற நம் குடும்ப வழக்கத்தை ஆஸ்பத்திரியில் மட்டும் விட்டுவிடுங்கள்.

மேடையில் இரண்டு மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஒருவர் ஆங்கில மருத்துவம், ஒருவர் சீன மருத்துவம். நான் மருத்துவன் இல்லை. மருந்துக்குரிய கேள்வியை என்னிடம் கேட்காமல் அவர்களிடம் கேளுங்கள். இருவரையும் ஒரே கேள்வியைக் கேட்டால் இன்னும் நல்லது. ஒலிவாங்கி வலப்பக்கம் இருக்கிறது.